‘ச்சூஸ்ஸ்...’ என்ற சத்தம் வேகமா, வெறும் காற்றா? டர்போ காரின் ப்ளோ-ஆஃப் வால்வு செய்யும் வேலை

முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் சாலையோரம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். காற்று சீறும் சத்தத்தில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் காதில் விழுந்துவிடும். உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஓரங்கட்டி நிற்கும்போது ஒரு ‘புஸ்ஸ்’. துறைமுகப் பக்கம் போகும் டிரெய்லர், வேகத்தடையில் தயங்கிக் கிளம்பும்போது இன்னொன்று. நடுவில் ஸ்பாய்லர் ஒட்டிய ஒரு சின்ன கார் சர்ரென்று வந்து, கியர் மாற்றும் நொடியில் ‘ச்சூஸ்ஸ்’ என்று ஊதிவிட்டுப் போகும்.

“எல்லாமே டர்போ சத்தந்தானே?” என்று லாரி ஓட்டுகிற அண்ணாச்சியிடம் கேட்டால் சிரிப்பார். “ஏ தம்பி, எங்க வண்டில கேக்கது ஏர் பிரேக்குல்லா!”

அவர் சொல்வதுதான் சரி. லாரியின் பிரேக் அழுத்தக் காற்றில் இயங்குகிறது. டேங்கில் சுமார் 8 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும். ஹேண்ட் பிரேக் போடும்போதும், ஏர் டிரையர் தன்னிடம் தேங்கிய ஈரத்தை வெளியே தள்ளும்போதும் அந்தக் காற்றுதான் சீறுகிறது. அந்த லாரியிலும் டர்போ இருக்கிறது, ஆனால் இந்தச் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரிலிருந்து வருவதுதான் டர்போ சத்தம். அதாவது, அசலான வால்விலிருந்து வந்தால். சைலன்சர் வாயில் செருகிய அலுமினிய விசிலிலிருந்து வந்தால் அது எந்தக் கணக்கிலும் சேராது.

இந்தச் சத்தத்துக்காகவே பணம் செலவழித்து, கம்பெனி பொருத்திக் கொடுத்த வால்வைக் கழற்றிவிட்டு வேறு வால்வு மாட்டும் பழக்கம் பெரிய நகரங்களைத் தாண்டி தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. மாட்டுகிறவர்களில் பலருக்கு அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாது. விற்கிறவர்களும் சொல்வதில்லை.

சின்ன இன்ஜினுக்குள் பெரிய மூச்சு

டர்போவின் தத்துவம் ரொம்ப எளிமையானது. இன்ஜினுக்குப் பெட்ரோலை அதிகம் கொடுப்பது கஷ்டமில்லை. அதை எரிக்கத் தேவையான காற்றைக் கொடுப்பதுதான் கஷ்டம். 1 லிட்டர் இன்ஜின் தானாக மூச்சிழுத்தால், இரண்டு சுற்றுக்கு அதிகபட்சம் சுமார் 1 லிட்டர் காற்றுதான் உள்ளே போகும். வெளியே வீணாகப் போகும் சூடான புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்துக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளினால்? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-ல் இதற்குத்தான் காப்புரிமை வாங்கினார். அது முதலில் கார்களுக்கு வரவில்லை, கப்பல்களுக்குத்தான் போனது. 1920-களில் இரண்டு ஜெர்மன் கப்பல்களின் டீசல் இன்ஜின்களில் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. இன்றைக்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் வந்து நிற்கும் பெரிய சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையிலும் டர்போசார்ஜர் உண்டு.

காரில் இதன் பலன் எவ்வளவு என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் காரை எடுத்துக்கொள்வோம். 999 சிசி, மூன்று சிலிண்டர். டர்போ இல்லாத வகையில் 72 பிஎஸ், டர்போ உள்ளதில் 100 பிஎஸ். இன்ஜின் அளவு ஒன்றுதான், கூடுதலாகக் கிடைப்பது காற்று.

இந்தியச் சாலைகளில் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் இவ்வளவு பெருகியதற்கு வரிக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம். 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசி-க்குள் இருக்கும் பெட்ரோல் கார் ‘சின்ன கார்’. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 40 சதவீதம். பெரிய இன்ஜினின் இழுவையைச் சின்ன இன்ஜினின் வரியில் தர வேண்டுமென்றால் டர்போதான் வழி. 2013-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் எக்கோபூஸ்ட், 2019-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வந்த ஹூண்டாய் வென்யூ என்று இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆக, ‘டர்போ’ என்பது ஒரு காலத்தில் ரேஸ் கார் சமாச்சாரம். இப்போது வங்கிக் கடனில் வாங்கும் முதல் காரிலேயே அது இருக்கிறது.

காலை எடுத்த அந்த நொடி

சிக்கல் எங்கே வருகிறது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது.

பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் குழாயின் கடைசியில் ஒரு வட்டத் தட்டு உண்டு. பெயர் த்ராட்டில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். டர்போவிலிருந்து வரும் அழுத்தக் காற்று இன்டர்கூலரில் சூடு தணிந்து, இந்தத் தட்டைக் கடந்துதான் இன்ஜினுக்குள் போக வேண்டும்.

ஒரு 1 லிட்டர் கார் 4,000 ஆர்பிஎம்-ல், டர்போ 1 பார் கூடுதல் அழுத்தம் கொடுக்கும் நிலையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோராயக் கணக்கில், ஒரு நொடிக்கு 60 லிட்டருக்கு மேல் வெளிக்காற்றை டர்போ உறிஞ்சி அமுக்குகிறது. கியர் மாற்றக் காலை எடுத்ததும் தட்டு படாரென மூடிக்கொள்கிறது. ஆனால் டர்போ சக்கரம் உடனே நிற்காது. சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலக்கூடியவை. வீட்டு மின்விசிறி 350 சுற்றைத் தாண்டினாலே அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வேகம் புரியும். மூடிய கதவுக்கு முன்னால் அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுவில் உள்ள குழாய்களின் கொள்ளளவு சில லிட்டர்தான். பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அழுத்தம் எகிறிவிடும்.

உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பாத்திக்குப் போகும் ஹோஸின் வாயை யாராவது திடீரென அடைத்தால் என்ன ஆகும்? ஹோஸ் துள்ளும், பிணைப்பு கழன்று அடிக்கும். மடை இல்லாத வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வந்த வழியே திரும்பும். காற்றும் அப்படித்தான்.

திரும்பி வரும் அந்தக் காற்று, முழு வேகத்தில் சுற்றும் டர்போ சக்கரத்தின் மேலேயே மோதும். சக்கரம் தள்ள, காற்று எதிர்க்க, ஒரு கணம் காற்று பின்வாங்க, மறுபடி சக்கரம் தள்ள என்று ஒரு நொடிக்குள் பல முறை நடக்கும் இந்த இழுபறிக்குத்தான் ‘சர்ஜ்’ என்று பெயர். வெளியே ‘ஸ்டு-டு-டு-டு’ என்று கேட்கும். சக்கரம் வேகம் இழக்கிறது. அச்சைத் தாங்கும் பேரிங், முன்னும் பின்னுமாக உதை வாங்குகிறது. அடுத்த கியரில் மறுபடி மிதிக்கும்போது டர்போ முதலிலிருந்து வேகம் பிடிக்க வேண்டும். வண்டி ஒரு கணம் மந்தமாக இருப்பதுபோல் தோன்றும்.

கப்பலில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் தூத்துக்குடிப் பக்கம் நிறைய உண்டு. அவர்களில் இன்ஜின் அறை ஆட்களிடம் ‘சர்ஜ்’ என்றால் கண்ணை உருட்டுவார்கள். கடல் கொந்தளிப்பில் கப்பலின் பின்பக்கம் தூக்கி, புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்தால், இன்ஜின் மேலுள்ள சுமை சட்டென்று குறையும். காற்றுக் கணக்கு தப்பிப்போய் டர்போசார்ஜர் பெரிய நாய் குரைப்பதுபோல் சத்தம் போடும். காரணம் வேறு என்றாலும், காற்று பின்னோக்கி அடிப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு ஸ்பிரிங், ஒரு சவ்வு, ஒரு மெல்லிய குழாய்

இதைத் தடுக்க டர்போவுக்கும் த்ராட்டில் தட்டுக்கும் நடுவே வைக்கும் அவசரக் கதவுதான் ப்ளோ-ஆஃப் வால்வு. அதன் உள்ளே பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு பிஸ்டன் அல்லது ரப்பர் சவ்வு, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், மேலறையிலிருந்து போகும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அந்தக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் சூட்சுமம். அது த்ராட்டில் தட்டுக்கு அப்பால், இன்ஜின் பக்கமுள்ள மேனிஃபோல்டில் சேருகிறது.

மிதித்து ஓட்டும்போது தட்டு திறந்திருக்கும். தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். வால்வுக்குக் கீழே 1 பார், மேலே 1 பார். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிட, ஸ்பிரிங்கின் பலத்தில் கதவு மூடியே இருக்கும்.

காலை எடுத்ததும் தட்டு மூடுகிறது. கீழே அழுத்தம் அப்படியே இருக்கிறது. மேலேயோ இன்ஜின் காற்று கிடைக்காமல் உறிஞ்சுவதால் வெற்றிடம். கீழிருந்து தள்ளல், மேலிருந்து இழுப்பு, இரண்டும் ஒரே திசையில். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வு என்றால் அதன் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். 1 பார் அழுத்தம் கீழிருந்து 5 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 0.6 பார் வெற்றிடம் மேலிருந்து இன்னும் 3 கிலோ அளவுக்கு இழுக்கும். 8 கிலோ விசைக்கு அந்த ஸ்பிரிங் தாங்காது. கதவு திறக்கும், அடைபட்ட காற்று வெளியேறும். மறுபடி மிதித்ததும் மேலறையில் அழுத்தம் திரும்பி, கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

பிரஷர் குக்கர் விசிலோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. பார்க்கப் பொருத்தமாக இருந்தாலும் ஒப்பீடு தவறு. குக்கர் விசில், அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் திறக்கும். ப்ளோ-ஆஃப் வால்வு அளவைப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கத்துக்குமான வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பைக் கவனிப்பது வேஸ்ட்கேட் என்ற வேறொரு பாகம். அது புகை போகும் பக்கத்தில் இருக்கும். “ப்ளோ-ஆஃப் போட்டா பவர் கூடும்” என்று விற்பனைக்காரர் சொன்னால், இந்த இரண்டையும் அவர் குழப்பிக்கொள்கிறார் என்று அர்த்தம். அல்லது வாங்குகிறவரைக் குழப்புகிறார்.

டீசல் வண்டிகளுக்கு இது ஏன் இல்லை?

டீசல் இன்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காற்று அல்ல, எரிபொருள். காலை எடுத்தால் டீசல் நிற்கும், காற்று வழி திறந்தே இருக்கும். புதிய டீசல் இன்ஜின்களில் ஒரு தட்டு உண்டு என்றாலும் அது மாசுக் கட்டுப்பாட்டுக்கும் இன்ஜினை அணைப்பதற்கும் உதவுவது. பெட்ரோல் இன்ஜின் போல ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் படாரென மூடாது. அழுத்தக் காற்று இன்ஜின் வழியாகவே கடந்து போய்விடும். அதனால்தான் முத்தையாபுரத்தைக் கடக்கும் லாரிகளில் டர்போ இருந்தும் இந்த வால்வு இல்லை.

ஆனால் ஆன்லைனில் ‘டீசல் ப்ளோ-ஆஃப் கிட்’ விற்கிறார்கள்! கால் எடுக்கும்போது மின்சாரத்தால் வால்வைத் திறந்து, வேண்டுமென்றே காற்றை ஊதவைக்கும் ஏற்பாடு. தேவையே இல்லாத கதவுக்கு ஒரு வாசல் கட்டி, அதில் காவல்காரரையும் நிறுத்துவது மாதிரி.

சத்தம் கேட்பது எந்த வகையில்?

வெளியேறும் காற்று எங்கே போகிறது என்பதைப் பொறுத்து வால்வு இரண்டு வகை. ஒன்று, காற்றைத் திறந்தவெளியில் விடுவது. ‘ச்சூஸ்ஸ்’ இதில்தான். இன்னொன்று, டர்போவின் முன்வாய்க்கே திருப்பி அனுப்புவது. டைவர்ட்டர் அல்லது ரீசர்குலேஷன் வால்வு என்பார்கள். சத்தம் குழாய்க்குள்ளேயே அமுங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் வால்வு இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். வெற்றிடக் குழாய்க்குப் பதில் மின்காந்தத்தால் இயங்கும் வால்வுகளும் இப்போது வந்துவிட்டன.

2001-ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படமும் அதற்குப் பின் வந்த கார் வீடியோ கேம்களும்தான் இந்தச் சத்தத்தை உலகம் முழுக்க ஹீரோ ஆக்கின. வேடிக்கை என்னவென்றால், அந்த ரசிகர்கள் கொண்டாடும் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், மிட்சுபிஷி எவல்யூஷன், சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எல்லாமே தொழிற்சாலையிலிருந்து காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வோடுதான் வந்தன.

கம்பெனிகள் அப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. பல கார்களில் ஏர் ஃபில்டரை ஒட்டி ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை எடைபோட்டு இன்ஜின் கணினிக்குச் சொல்லும். கணினி அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கும். ஏற்கெனவே கணக்கில் வந்த காற்றை நடுவழியில் வெளியே விட்டால் என்ன ஆகும்? இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் போகும். கியர் மாற்றும்போதெல்லாம் கலவை கெட்டியாகி, வண்டி தடுமாறும், கரும்புகை வரும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைச் சூடாக்கும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளந்து கணக்குப் போடும் கார்களில் இந்தப் பிரச்சினை குறைவு. தன் கார் எந்த வகை என்று தெரியாமல் வால்வு வாங்குகிறவர் குருட்டாம்போக்கில்தான் வாங்குகிறார்.

உப்புக்காற்று ஊருக்கு ஒரு தனிக் கணக்கு

முத்தையாபுரம் மாதிரி ஊரில் இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. விற்பவர்களின் விளம்பரத்தில் அது வராது.

ஐட்லிங்கில் வண்டி நிற்கும்போது மேனிஃபோல்டில் நல்ல வெற்றிடம் இருக்கும். ஸ்பிரிங் தளர்வாக அமைத்த வால்வு அப்போது கொஞ்சம் திறந்தே நிற்கும். டர்போ அப்போது அழுத்தம் கொடுப்பதில்லை. எனவே காற்று வெளியே போவதற்குப் பதில் திறந்த வால்வு வழியாக உள்ளே வரக்கூடும். வால்வு இருப்பதோ ஏர் ஃபில்டருக்கு அப்பால். அதாவது, வடிகட்டாத காற்று நேராக இன்ஜினுக்குப் போகிறது. காற்றைத் திருப்பி அனுப்பும் வகையில் இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அதன் மறுமுனையும் ஃபில்டருக்கு உட்பக்கம்தான்.

உப்பளங்களுக்கு நடுவே, நிலக்கரி இறங்கும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், லாரி கிளப்பும் புழுதியில் ஓடும் காருக்கு இது என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டும். தூசு சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். உப்பீரம் திறந்தவெளி வால்வின் பிஸ்டனில் படிந்து அதைச் சிக்கவைக்கும். திறந்த நிலையில் சிக்கினால் அழுத்தம் கசிந்து வண்டி இழுக்காது. மூடிய நிலையில் சிக்கினால் டர்போவுக்கு மறுபடி அதே சர்ஜ். கோயம்புத்தூரில் நண்பர் காரில் மூன்று வருடம் ஓடியது என்பதற்காக இங்கேயும் ஓடும் என்று நம்ப முடியாது.

ஊதப்படுவது சுத்தக் காற்றுதானே, மாசு எங்கே என்ற கேள்வியும் வரும். முழுச் சுத்தம் இல்லை. இன்ஜின் அடிப்பகுதியில் சேரும் எண்ணெய் ஆவியை டர்போவின் முன்வாயில் கலந்து மறுபடி எரிப்பதுதான் இன்றைய ஏற்பாடு. நடுவில் ஊதினால் அதில் ஒரு பங்கு தெருவுக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் ப்ளோ-ஆஃப் வால்வு என்ற பெயரே கிடையாது. பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே விளக்கியது. பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சத்தம், காற்று மாசு விதிகளை மீறினால் பிரிவு 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஒரு சின்ன வால்வு பிரிவு 52-ல் வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நடைமுறையில் போலீஸ்காரர் காது கொடுப்பது சத்தத்துக்குத்தான். ஆனால் மாற்றியவருக்கு முதலில் வலிப்பது பெரும்பாலும் அபராதம் அல்ல, வாரண்டி. டர்போ பழுதானால் சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது வெளியிலிருந்து வாங்கி மாட்டிய பாகம் ஏதாவது இருக்கிறதா என்றுதான். டர்போ மாற்றும் செலவுக்கு முன்னால் வால்வின் விலை ஒன்றுமே இல்லை.

சாலையில் சத்தம் போடும் இளைஞர்களை மட்டும் பிடித்து அபராதம் போடுவது பாதி வேலைதான். சாலைப் பயன்பாட்டுக்கு ஏற்றதா, எந்த காருக்குப் பொருந்தும், வாரண்டி என்ன ஆகும் என்ற மூன்று தகவலையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று விற்பவர்களைக் கட்டாயப்படுத்துவது மீதிப் பாதி. ஆன்லைன் தளங்களில் இப்போது ‘யுனிவர்சல் ஃபிட்’ என்ற ஒரே சொல்லோடு எல்லா காருக்கும் ஒரே வால்வு விற்பனையாகிறது. அழுத்தமும் குழாய் அளவும் சென்சாரும் காருக்குக் கார் மாறும்போது யுனிவர்சல் என்ற சொல்லுக்கே இங்கே அர்த்தம் கிடையாது.

அழுத்தத்தை உயர்த்தி, பெரிய டர்போ வைத்து, கணினியையும் புதிதாக ட்யூன் செய்து ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பெரிய வால்வு தேவைப்படலாம், அதற்கான கணக்கும் அவர்களிடம் இருக்கும். அலுவலகத்துக்கும் திருச்செந்தூர் கோயிலுக்கும் போய்வரும் 1 லிட்டர் காருக்கு, கம்பெனி வைத்த ஏற்பாடே போதும்.

கவனிக்க வேண்டியது அந்தப் பழைய வால்வைத்தான். ரப்பர் சவ்வு வெயிலிலும் எண்ணெயிலும் வெடிக்கக்கூடியது. வோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 டிஎஃப்எஸ்ஐ இன்ஜின்களில் சவ்வு கிழிவது உலகம் முழுக்கப் பேசப்பட்டு, பிறகு பிஸ்டன் வகை வால்வே வந்தது. வண்டி முன்புபோல் இழுக்காமல் போவது, மிதிக்கும்போது மட்டும் மெல்லிய விசில் கேட்பது, காலை எடுக்கும்போது இதுவரை இல்லாத ‘டு-டு-டு’ வருவது, செக் இன்ஜின் விளக்கு எரிவது இவையெல்லாம் அறிகுறிகள். பல நேரம் வால்வு நன்றாகவே இருக்கும், மேலறைக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய்தான் விரிசல் விட்டிருக்கும். மூன்று வருடம் தாண்டிய டர்போ பெட்ரோல் கார் என்றால், அடுத்த சர்வீஸில் அந்தக் குழாயை ஒருமுறை வளைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.